இரண்டாவது பக்கம், மூன்றாவது பாட்டு

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு. எந்த மைக்கை எங்கே வைத்தோம், டேப்பை எப்படி வெட்டி ஒட்டினோம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேறு ஆள் இருக்கிறது. பாதி எனக்கு மறந்தும் போய்விட்டது. மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் காதுக்கு அடுத்தபடியாக அதிகம் உழைப்பது வயிறு. பசியால் அல்ல, வயிற்றெரிச்சலால். நம் கையை விட்டுப் போன ஆள் இன்னொரு கம்பெனியில் போய்ப் பேர் வாங்கும்போது அது என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தப்போவதில்லை. பட்டவன் நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை கேசட் புகுந்துவிட்ட காலம். மதுரையில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒருவர், கூட இருந்தவர்கள் ஏற்றிவிட்டதில் ஒரு கேசட் கம்பெனியும் தொடங்கினார். பாட்டுத் தேர்வு, ஆள் பிடிப்பது, பதிவு, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்ற வரிசை எல்லாம் என் பொறுப்பு. முதலாளிக்குப் பாட்டில் ஞானமும் கிடையாது, ஆசையும் கிடையாது. நாங்கள் போட்டதோ பிறர் போட்டதோ, ஒரு கேசட்டைக்கூட அவர் காதில் வாங்கியதில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

எங்களிடம் வாடிப்பட்டியிலிருந்து ஒரு குழு வந்துபோய்க்கொண்டிருந்தது. மூக்கம்மா, அவள் தம்பி பாண்டி, அவள் வீட்டுக்காரர் சோணமுத்து. பெரிய பாடகர் யாராவது பக்திப் பாட்டுப் பாட வந்தால் பின்னால் நின்று பின்பாட்டுப் பாட ஆள் வேண்டும். அதற்கு இவர்கள். பதிவு இல்லாத நாளில் சோணமுத்து கேசட் அட்டை மடிப்பார், பாண்டி டீ வாங்கி வருவான், மூக்கம்மா முதலாளி வீட்டுக்கு எண்ணெய் டின் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். இதில் கொடுமை எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போதும் பெரிதாகத் தோன்றவில்லை. நானும் அப்படி ஏறி வந்தவன்தான்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மூக்கம்மா ஏதோ முணுமுணுத்தாள். நின்று கேட்டேன். காதுகுத்துக்குச் சீர் கொண்டு வரும் தாய்மாமனை வரவேற்கும் பாட்டு.

'கோலம் போட்ட கையி காயலையே
குதிரை போல வந்தாகளே எங்க மாமன்' என்று தொடங்கும்.

"இது எங்க பிடிச்ச பாட்டு?" என்றேன்.

"எங்காத்தா கட்டுனதுண்ணே. எங்க வீட்டு விசேசத்துல மட்டும் பாடுவோம்."

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்தப் பாட்டை முதலில் பிடித்தது என் காது. பின்னால் வரப்போகிற தெற்குவாசல் பாயின் காது அல்ல. நான்தான் முதலாளியிடம் பேசி, அவர்கள் மூன்று பேருக்கும் தனியாக ஒரு கேசட் போட்டேன். நான்தான் அந்தப் பாட்டுக்கு முன்னால் நீளமாக ஒரு வயலின் வைத்தேன். வரிசை அமைத்ததும் நான்தான். முதல் பக்கம் முழுக்கச் சாமி பாட்டு. இரண்டாவது பக்கத்தில் ஒரு தாலாட்டு, அடுத்து உடன்பிறந்தவன் இல்லாத ஒருத்தி தன் பிள்ளைக்குச் சீர் செய்ய ஆளில்லையே என்று அழும் பாட்டு, அதற்கு அடுத்து இந்த மாமன் பாட்டு. அழுகை முடிந்து, வயலின் வந்து, அதற்குப் பிறகு மாமன் வர வேண்டும். அப்போதுதான் அந்தச் சந்தோஷத்துக்கு எடை இருக்கும் என்பது என் கணக்கு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது.

கேசட் ஓடவில்லை. கடைகளிலிருந்து திரும்பி வந்து மூலையில் அடுக்காகக் கிடந்தது. முதலாளி முகம் சுளித்தார். மூக்கம்மா குழுவை மறுபடி பின்பாட்டுக்கு அனுப்பிவிட்டேன். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

தெற்குவாசலில் டார்ச் லைட், பேட்டரி, கேசட் எல்லாம் விற்கிற ஒரு பாய் இருந்தார். இஸ்மாயில் பாய். கடைக்கு மேலே ஒரு அறையில் சத்தம் எதிரொலிக்காமல் சுவரெல்லாம் கோணிச் சாக்கைக் கட்டி அவரும் ஒரு கேசட் கம்பெனி தொடங்கியிருந்தார். ஒருநாள் மூக்கம்மா வந்து, "அண்ணே, பாய் கூப்பிடுறாரு. போயிட்டு வாறோம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "போங்க போங்க. அவரு கடையில பேட்டரி விக்க ஆளு தேவைப்படும்" என்றேன்.

"பாட்டு விக்காட்டி பேட்டரி வித்துட்டுப் போறோம்ணே" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பாண்டி மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

அடுத்த முகூர்த்த மாதம் வந்தது. முதலில் கீழவாசல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டேன். அதே மாமன் பாட்டு. அதே குரல். என் வயலின் இல்லை. எடுத்த எடுப்பில் மூக்கம்மா தொண்டைதான் வந்து விழுந்தது. சரி, ஏதோ ஒரு இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று நடந்தேன். அடுத்த வாரம் திருப்பரங்குன்றம் பஸ்ஸில் கேட்டேன். அதற்கடுத்து சோழவந்தான் போனால் அங்கே வயல் நடுவில் ஒரு வீட்டு விசேஷத்தில், கண்ணுக்கு ஆளே தெரியாத தூரத்திலிருந்து, ஒலிபெருக்கிக் குழாய் வழியாகக் 'கோலம் போட்ட கையி' வருகிறது. டீக்கடையில், சலூனில், எங்கே போனாலும் மாமன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒருநாள் என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே அதைப் பாடினாள். அன்றைக்கு நான் வீட்டில் சாப்பிடவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லவும் இல்லை.

பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை. பாய்க்கு ஜுரம் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். பேட்டரி விற்கிறவருக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது, அவருக்குப் போய் இப்படி ஒரு யோகமா என்று குமைந்தேன். மூக்கம்மா மேலும்தான் எரிச்சல். நம்மிடம் இருந்தபோது வராத குரல் அங்கே போனதும் எப்படி வந்தது? அதே தொண்டைதானே?

தெரிந்தவர் ஒருவரை விட்டு அந்தக் கேசட்டை வாங்கி வரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். கண்டும் பிடித்தேன். முதல் பக்கம் தொடங்கியதும் மாமன் பாட்டு. திருப்பிப் போட்டால் இரண்டாவது பக்கம் தொடங்கியதும் அதே மாமன் பாட்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாயிடம் சரக்கு தீர்ந்துபோய் ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு ஜனங்களை ஏமாற்றுகிறார் என்று முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

முதலாளி சிரிக்கவில்லை. "ஏமாந்தவனெல்லாம் அங்கதானய்யா வாங்குறான்" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நம்ம பாட்டு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, தெருவுல ஓடி நான் கேட்கணும். இந்தப் பங்குனிக்குள்ள கேட்கலையின்னா கதவைப் பூட்டிட்டு மில்லைப் பார்க்கப் போயிருவேன். அந்தப் பாய் கேசட்டு மட்டும் இந்தக் கட்டடத்துக்குள்ள வரக்கூடாது."

கதவைப் பூட்டினால் எனக்கு வேறு வேலை தெரியாது. அந்த நேரத்தில்தான் அவனியாபுரத்தில் இருந்த என் தங்கச்சி வசந்தாவின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். நான்தான் ஒரே தாய்மாமன். எனக்கு ஒரு யோசனை உதித்தது. முதலாளியை விசேஷத்துக்கு அழைப்பது. சீர் தூக்கிப் போகும்போது எங்கள் கம்பெனி கேசட்டிலிருந்தே அந்த மாமன் பாட்டைப் போட வைப்பது. தெருவில் நம் பாட்டு ஓடுவதை அவர் காதால் கேட்டுவிடுவார். மைக் செட் பாலு எனக்குத் தெரிந்தவன்தான். காலையிலேயே கேசட்டைக் கையில் கொடுத்து, இரண்டாவது பக்கம், மூன்றாவது பாட்டு, தயாராக வைத்துக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

முதலாளி காரில் வந்து இறங்கினார். "இன்னைக்கு நம்ம பாட்டு தெருவுல கேட்கும், முதலாளி" என்றேன். அவர் பழத்தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். மேளம் முன்னே. பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பணியாரம், வாழைத்தார் என்று தாம்பாளங்கள் பின்னே. பந்தல் முகப்பில் பாலுவின் மேசை. அதற்கு உள்ளே வாசலில் ஆரத்தித் தட்டோடு வசந்தா நின்றாள். வழக்கம் என்னவென்றால், பந்தலருகே மாமன் வந்ததும் மேளம் நின்று பாட்டு எழும்ப வேண்டும்.

மேளம் நின்றது. பாட்டு எழும்பவில்லை. குழாயிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பிறகு தாலாட்டில் பாதி. மறுபடியும் கீச். பங்குனி வெயில். தட்டு தூக்கிய பெண்கள் தலையை அசைக்க முடியாமல் நிற்கிறார்கள். பாலு குனிந்து கேசட்டோடு மல்லுக்கட்டுகிறான். காத்திருந்த விருந்தாளிகளுக்காகச் சாமி பாட்டுப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு ஓட்டியிருக்கிறான். இப்போது மூன்றாவது பாட்டு எங்கே தொடங்குகிறதென்று தேடுகிறான். தேடிப் பிடித்து ஒன்றைப் போட்டான்.

'கூடப்பொறந்த துணையில்லையே
கொண்டு வர ஆளில்லையே' என்று தெரு முழுக்க அழ ஆரம்பித்தாள் மூக்கம்மா.

தாய்மாமன் சீரோடு தெருவில் நிற்கிறேன். குழாய் என்னை இல்லையென்கிறது. ஒரு பெரியம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டு, "இதென்னடி அபசகுனம்" என்றார். தங்கச்சி மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தா கத்தவில்லை. "நீ இருக்கையிலேயே எனக்கு ஏண்ணே இந்தப் பாட்டு?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

தம்பி, தங்கைகளே, அவசரத்தில் முடிவெடுப்பது என்றால் அதுதான். பக்கத்தில் முதலாளி. எதிரே தங்கச்சி. ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலாளியைத்தான் பார்த்தேன். பிறகு தட்டோடு நாலெட்டு முன்னால் போய்ப் பாலுவிடம் குனிந்தேன்.

"பாய் கேசட்டு இருக்குண்ணே. போடவா?" என்றான் அவன்.

"போட்டுத் தொலை. எந்தப் பக்கம்னு பார்த்துப் போடு."

"எந்தப் பக்கமா இருந்தா என்னண்ணே" என்று கையில் வந்தபடி செருகினான்.

செருகிய மறுநொடி 'கோலம் போட்ட கையி காயலையே' என்று தெரு நிமிர்ந்தது. தட்டுகள் தலைக்கு ஏறின. மேளம் அதோடு சேர்ந்துகொண்டது. வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்தேனா என்று தெரியாது. ஒரே பாட்டை எதற்காக இரண்டு பக்கத்துக்கும் முன்னால் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. நான் நாற்காலிக்கு வரிசை போட்டேன். பாய் தெருவுக்குப் போட்டார். எங்கள் சீமையில் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர்? சீர் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றவர்கள்தான் எல்லோரும்.

முதலாளி என்னருகே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "இதுதான்யா நம்ம பாட்டு? இதை வச்சுக்கிட்டா கதவைப் பூட்டுறதைப் பத்திப் பேசுனோம்? எனக்கே கொட்டுக்குக் கால் ஆடுதய்யா." என் தோளில் தட்டினார். அத்தனை வருஷ வேலையில் அவர் என்னைத் தட்டிக்கொடுத்தது அது ஒருதடவைதான். வாய் திறந்து மறுக்க மனசு வரவில்லை. குரல் நான் கண்டுபிடித்தது, பாட்டு நான் கண்டுபிடித்தது, அந்தப் பாராட்டில் எனக்குப் பாதியாவது சேரும் என்று ஒரு நப்பாசை.

மருமகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி காது குத்தினார். பிள்ளை வீறிட்டு அழுது கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், முதலாளி மைக்கை நோக்கிப் போகிறார். "இது எங்க கம்பெனிப் பாட்டுன்னு நாலு பேருக்குச் சொல்லிட்டு வாரேன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது காதில் விழுந்தது. அந்தப் பந்தலில் இருந்தவர்கள் வீட்டிலெல்லாம் தவறாமல் பாய் கேசட் உண்டு. குழந்தைக்குக்கூட அது யார் பாட்டு என்று தெரியும். மனிதர் மைக்கில் அதைச் சொன்னால் சிரித்தே கொன்றுவிடுவார்கள்.

பிள்ளையை வசந்தா கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அதற்கு முன்னால் நான் அவரைத் தொட்டதே இல்லை.

"முதலாளி, அது நம்ம கேசட் இல்ல. பாய் கேசட்டு."

கையை அவர் உடனே உருவிக்கொள்ளவில்லை. "அந்தக் குரலு?" என்றார்.

"நம்மகிட்ட இருந்தவுகதான். ஒங்க வீட்டுக்கு எண்ணெய் டின் கொண்டாருமே, மூக்கம்மா."

"அந்தப் பிள்ளையா?" குழாயை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பாட்டு நம்மகிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு?"

"ரெண்டாவது பக்கம். மூணாவது பாட்டு."

"அம்புட்டு உள்ளயாய்யா வச்ச?" என்றார்.

கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று பயந்தேன். போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார், மொய் செய்தார். கார் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "எம் பேத்திக்கு வைகாசியில காதுகுத்து. நாளைக்குப் போயி அந்தக் கேசட்டு ஒண்ணு வாங்கிட்டு வா. வீட்டுல குடுத்துரு, கம்பெனிக்குக் கொண்டாராத." கம்பெனியை அவர் பூட்டவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கேசட் எல்லாவற்றிலும் ஓடக்கூடிய பாட்டு இரண்டு பக்கத்துக்கும் முன்னால் வந்தது. நீங்களும் இதை மனதில் வையுங்கள். கேட்கிறவன் எந்த நிலையில், எந்த அவசரத்தில் கேட்பான் என்று தெரியாமல் வரிசை போடாதீர்கள். உங்கள் ரசனை அப்புறம் வரட்டும்.

இதோடு நிறுத்தினால் நல்ல பாடமாக இருக்கும். ஆனால் மறுநாள் நான் தெற்குவாசலுக்குப் போக வேண்டியிருந்ததே.

கடையில் பாய் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்கண்ணே, வாங்க. நம்ம கடைக்கு நீங்க வந்ததேயில்லையே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கேசட் வேண்டும் என்றேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு நீட்டினேன். வாங்கவில்லை.

"ஒங்ககிட்டயா வாங்குறது? ஒங்க கேசட்டைக் கேட்டுட்டுத்தானே நான் வாடிப்பட்டிக்கே போனேன்."

"எங்க கேசட்டையா?"

"ஆமாண்ணே. கடைக்கு வந்து விக்காமக் கெடந்துச்சுல்ல. ஒருநாள் மத்தியானம் ஆளு இல்ல. சும்மா போட்டுட்டுச் சாஞ்சு ஒக்காந்தேன். அந்தத் துணையில்லாத பொம்பள அழுது முடிச்சு, வயலின் வந்து, அதுக்கப்பறம் மாமன் வாராரு பாருங்க." பாய் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்குக் கூடப்பொறந்த அக்கா ஒண்ணு, எறந்து போயிருச்சு. கடையைச் சாத்திட்டு அழுதேன்ணே. இப்படி வரிசை போட்டவரு யாருன்னு கேட்டேன், நீங்கன்னாங்க. ஆனா அதை அப்படியே போட்டா விக்காது. அதான் கலைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

காசைக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். பாய் என்னை ஏளனமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே மனசு ஆறியிருக்கும். நான் போட்ட வரிசையை, நான் நினைத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அழுதவர் மதுரைச் சீமையிலேயே அவர் ஒருவர்தான். அதற்காகவும் இன்றுவரை எனக்கு அவர் மேல் பொறாமைதான்.